தொடை எலும்பைப் பிளந்து பார்த்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

பனி உருகும் மாதத்தில் காட்டில் செத்துக் கிடக்கும் மானைப் பார்க்கப் போகும் ஆய்வாளர், தொடை எலும்பை எடுத்து உடைப்பார். உள்ளே மஜ்ஜை வெளுத்து, வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருந்தால் அந்த மானுக்குத் தீனிக் குறை இருந்திருக்காது. சாவுக்கு வேறு காரணம் தேட வேண்டும். சிவந்து கொழகொழவென்று வந்தால் பட்டினி. உடம்பு முதலில் தோலடிக் கொழுப்பைக் கரைக்கும். அப்புறம் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்பு. மஜ்ஜையில் கை வைப்பது கடைசியில்தான். அதுவும் தீர்ந்தால் எடுக்க ஒன்றும் இல்லை.

மான் குறைந்துவிட்டது என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்த எலும்புதான் ஞாபகம் வருகிறது. வேட்டைக்குச் சட்டம் இடம் தரும் ஊர்களில் அந்தப் பேச்சு சட்டென்று பழிபோடலாக மாறிவிடும். வெளியூர்க்காரன் வந்து சுட்டுத் தள்ளுகிறான் என்பார் ஒருவர். ஓநாயை வளரவிட்டதுதான் வினை என்பார் இன்னொருவர். அதிகாரிகளுக்கு எண்ணத் தெரியாது என்பதில் மட்டும் இரண்டு பேருக்கும் ஒற்றுமை.

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே மியூல் மான் என்று ஒன்று உண்டு. கழுதைக் காது மாதிரி பெரிய காது, அதனால் அந்தப் பெயர். 2022-23 குளிர்காலத்தில் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பனி ஆழமாக விழுந்தது, இறுகியது, வசந்தம் வந்தும் போகவில்லை. ரேடியோ பட்டை மாட்டிக் கண்காணித்துவந்த ஒரு மந்தையில் பெண்மான்களில் பாதிக்கு மேல் செத்தன. முந்தைய கோடையில் பிறந்த கன்றுகளில் ஏறக்குறைய எதுவுமே தப்பவில்லை. துப்பாக்கிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. ஆனாலும் அந்த ஆண்டு மானுக்கும் பிராங்ஹார்ன் என்னும் மான் போன்ற விலங்குக்குமாக ஆயிரக்கணக்கான வேட்டை அனுமதிகளை மாநிலம் வெட்டியது.

கொடும் பனி புதிதல்ல. விழுந்த மந்தை மறுபடி எழ முடியாமல் போவதுதான் கவலை. பெண்மான், கோடையிலும் இலையுதிர்காலத்திலும் சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் குளிரைத் தாண்டுகிறது. பனிக்காலத்தில் அது இறங்கிவந்து மேயும் தாழ்நிலப் புதர்க்காடுகளில் இப்போது வீடுகள், சாலைகள், எரிவாயுக் கிணறுகள். போதாததற்கு சீட்கிராஸ் என்னும் அந்நியப் புல் பரவி, காய்ந்து, தீப்பிடித்துப் புதர்களை அழிக்கிறது. இரக்கப்பட்டு வைக்கோல் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மானின் இரைப்பையில் இருக்கும் நுண்ணுயிர்கள் குச்சியையும் மொட்டையும் செரித்துப் பழகியவை. தீனி திடீரென்று மாறினால் திணறிவிடும். வயிறு நிறைய வைக்கோலோடு பட்டினியால் செத்த மான்கள் உண்டு.

இனி வேட்டைக் கணக்குக்கு வருவோம். தமிழில் ஆண்மான் கலை, பெண்மான் பிணை என்று தனித்தனியே சொல் இருப்பது இங்கே வசதி. மந்தை நலிந்த இடங்களில் அனுமதி பெரும்பாலும் கலைக்குத்தான் தருகிறார்கள். ஒரு கலை பல பிணைகளோடு சேரும் என்பதால், நாலு கலை கூடுதலாகப் பிழைத்தாலும் அடுத்த ஆண்டுக் கன்றுகளின் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் வராது. பிறகு ஏன் அனுமதியைக் குறைக்கிறார்கள்? பனிக்கு உத்தரவு போட முடியாது, வேட்டைக்காரருக்குப் போடலாம். குறைப்பது தப்பு என்று நான் சொல்லவில்லை. மானைக் காப்பாற்றியாகிவிட்டது என்று அதோடு கோப்பை மூடிவிடுவதுதான் தப்பு.

அனுமதி குறைந்தால் குலுக்கல். குலுக்கலில் பெயர் வராத மகள் மூன்று வருடம் வீட்டிலேயே இருந்துவிட்டு, நான்காம் வருடம் அப்பாவோடு மலையேற ஆசைப்படுவாளா? பணமும் போகிறது. 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா மீது விதிக்கும் வரி காட்டுயிர்ப் பணிக்குத்தான் செல்கிறது. அதோடு உரிமக் கட்டணமும் சேர்கிறது. மானுக்குப் பட்டை மாட்டுவதும் எண்ணுவதும் இந்தக் காசில். மான் குறைந்தால் உரிமம் குறையும், உரிமம் குறைந்தால் மானைக் கவனிக்கும் கையும் குறையும். விசித்திரமான முடிச்சு.

வேட்டையே அடுப்பாக இருக்கும் இடத்தில் அடி இன்னும் ஆழம். கனடாவின் கியூபெக், லாப்ரடார் பகுதிகளில் திரியும் ஜார்ஜ் ஆற்றுக் கரிபூ மந்தை 1990களில் 7 லட்சத்துக்கும் மேல் இருந்தது. கரிபூவும் மான் குடும்பம்தான். 2012 எண்ணிக்கையில் ஏறக்குறைய 27,600. 2013இல் லாப்ரடாரில் வேட்டைக்கு முழுத் தடை வந்தது. 2018இல் எண்ணியபோது சுமார் 5,500! தடையை மீறி வேட்டை நடந்தது உண்மை. ஆனால் அதை மட்டும் வைத்து இந்த வீழ்ச்சியை விளக்கிவிட முடியாது. அங்குள்ள பூர்வகுடிகளான இன்னு, இனுயிட் மக்களுக்கு கரிபூதான் இறைச்சி, தோல், பிள்ளைகளுக்குத் தடம் பார்க்கக் கற்றுத்தரும் பள்ளிக்கூடம். தடை அவர்களுக்கும்தான்.

நோயையும் சொல்லியாக வேண்டும். 1967இல் கொலராடோவில் அடைத்து வளர்த்த மான்களிடம் முதலில் கண்ட, உடம்பை மெலியவைத்துக் கொல்லும் உருக்கி நோய் (CWD) இன்று அமெரிக்காவில் 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. காரணி பிரையான் என்னும் புரதம். மண்ணில் பல ஆண்டுகள் கிடக்கும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை. ஆனாலும் நோயுள்ள இறைச்சியைச் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள் சுகாதாரத் துறையினர். எனவே வேட்டைக்காரர் தொண்டையருகே நிணநீர்க் கணுவை அறுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, இறைச்சியை உறைபெட்டியில் வைத்துக் காத்திருக்கிறார்.

வேட்டை முடிந்து திரும்பும் வழியில் சோதனைச் சாவடி இருக்கும். அதிகாரி மானின் கீழ்த்தாடையைத் திறந்து, கடைவாய்ப் பல்லின் தேய்மானத்தைப் பார்த்து வயதைக் குறித்துக்கொள்வார். இரண்டு வயது, நான்கு, ஐந்து என்று பதிவேடு நிரம்பும். 2022இல் பிறந்த மான்களின் வரிசையில் மட்டும், எத்தனை தாடையைத் திறந்தாலும் கட்டங்கள் காலியாகவே கிடக்கும்.