பல்லி ஊசியும் மாங்காய் மண்டியும்

நடுவர் ஐயாவுக்கும் எதிரணிக்கும், கடையைச் சாத்திவிட்டு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணகிரி மக்களுக்கும் வணக்கம். இவ்வளவுதான் என் வணக்கம். எதிரணி அக்கா வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு பேர் டீ குடித்துவிட்டே வந்துவிட்டார்கள்.

தலைப்பு, "உடல் எடையைக் குறைக்கக் கைகொடுப்பது மன உறுதியா, மருந்தா?" நான் மருந்து அணி. என் உடம்பைப் பார்த்த பிறகு என்னை மன உறுதி அணியில் யார் சேர்ப்பார்கள், சொல்லுங்கள்.

அக்கா என்ன சொன்னார்? "வாயைக் கட்டத் தெரியாத சோம்பேறிக்குத்தான் ஊசி. மனசு வைத்தால் எடை தானாக இறங்கும்." அப்படி மனசு வைத்தே எடை இறங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். என் சித்தப்பா.

காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கிறார். ஆள் 118 கிலோ. சர்க்கரை வந்துவிட்டது. டாக்டர், "ராத்திரிச் சாப்பாட்டைக் குறைங்க, மாசாமாசம் எடை பார்த்துச் சீட்டோட வாங்க" என்று அனுப்பிவிட்டார். வீட்டில் ஏது தராசு? இவர் காய் போடும் மண்டியில்தான் பெரிய தராசு இருக்கிறதே! பெங்களூரா மாங்காய் லோடு இறக்கி முடித்ததும், கடைசி கிரேட்டுக்குப் பின்னால் இவரே ஏறி நின்றுவிட்டார். கணக்குப்பிள்ளை குனிந்த தலை நிமிரவில்லை. மண்டி வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அழுகல், காம்பு என்று எதையாவது சொல்லிக் கழிவு பிடித்துத்தான் எழுதுவார்கள். எழுதிவிட்டார். எடை 118, கழிவு 6, நிகரம் 112.

சித்தப்பா சீட்டை வாங்கிப் பார்க்கிறார். 112! ஒரே மாசத்தில் ஆறு கிலோ! வீட்டு வாசலில் நின்றே, "ஏய், களி கிண்டு, நாட்டுக்கோழி அடி, இளைச்சுப் போயிட்டேன்" என்று கத்துகிறார். சித்தி பாவம், இளைத்த மனுஷனாயிற்றே என்று உருண்டையைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தார்.

அடுத்த மாசம் தராசு 121 காட்டியது. ஆனால் அது வேறு மண்டி, அங்கே கழிவு கூடுதல். கழிவு 8. அதோடு விட்டார்களா? காலில் கிடந்த செருப்பைக் கிரேட் எடை என்று வைத்து இன்னொரு 2 கிலோ. நிகரம் 111. ஐயா, மூன்று கிலோ ஏறிய மனுஷன் ஒரு கிலோ இறங்கி வீட்டுக்கு வருகிறார்! மறுபடியும் கோழி. சீட்டை எடுத்துக்கொண்டு பெருமையாக டாக்டரிடம் போனார். டாக்டர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாராம்: "எல்லாம் சரிங்க, கீழே 'ஓவர் பழம், மாங்கூழுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கே, அது யாருங்க?"

நடுவர் அவர்களே, எதிரணியின் மன உறுதிக் கணக்கு முழுக்க இந்த மண்டிச் சீட்டுதான். பேப்பரில் இறங்கும், தராசில் இறங்காது.

அடுத்து அக்கா ஒரு குண்டு போட்டார் பாருங்கள். "பல்லி விழுந்தால் குழம்பையே கொட்டுகிற ஜனம் நாம், பல்லி விஷத்தில் செய்த ஊசியை உடம்பில் ஏற்றிக்கொள்ளலாமா?" கைதட்டல் அள்ளியது. நானும் தட்டினேன், நல்ல வசனம் வீணாகக் கூடாது. ஆனால் அக்கா, அது நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. அமெரிக்கப் பாலைவனத்தில் வாழும் கிலா மான்ஸ்டர் என்ற பெரிய ஜந்து. நாம் சாப்பிட்டதும் நம் குடலே ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோனைச் சுரக்கும். 'போதும், கையைக் கழுவு' என்று மூளைக்குச் சொல்வது அதன் வேலைகளில் ஒன்று. ஓரிரு நிமிஷத்தில் கரைந்துவிடும். அதே வேலையைச் செய்து, அதைவிட நேரம் தாங்குகிற ஒரு பொருள் கிலா மான்ஸ்டர் விஷத்தில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அதை ஆய்வகத்தில் செய்து, 2005ல் அமெரிக்காவில் சர்க்கரை நோய்க்கு எக்ஸனடைட் என்ற மருந்தாக அனுமதித்தார்கள். எந்தப் பல்லியையும் யாரும் பிழியவில்லை.

இன்றைக்கு எல்லாரும் பேசுகிற செமாக்ளூடைட், அதுதான் ஓசெம்பிக், வெகோவி என்ற பெயர்களில் விற்கிற ஊசி மருந்து, அதுவும் பல்லிச் சரக்கு கிடையாது. மனுஷ ஹார்மோனையே ஒரு வாரம் தாங்குகிற மாதிரி மாற்றி, ஈஸ்ட்டை வைத்துத் தயாரிக்கிறார்கள். ஓசூர் பேக்கரியில் பன் உப்புகிறதே, அந்த ஈஸ்ட் ஜாதி. இனி பன்னையும் கொட்டச் சொல்வாரோ அக்கா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1981ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய கேப்டோப்ரில் என்ற பிபி மாத்திரை, பிரேசில் நாட்டு விரியன் பாம்பு விஷத்தை ஆராய்ந்ததில் பிறந்தது. அந்த வகை மாத்திரையை இந்தப் பந்தலில் எத்தனை பேர் காலையில் போட்டுக்கொண்டு வந்தீர்கள்? நடுவர் ஐயா ஏன் தண்ணீர் குடிக்கிறார்?

சரி, தலைப்புக்கு வருகிறேன், மணி அடிப்பதற்குள். 2021ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்றில் 68 வாரம், ஒரு கூட்டத்துக்குச் செமாக்ளூடைட், இன்னொரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி ஆலோசனை இரண்டு கூட்டத்துக்கும் உண்டு. மருந்துக் கூட்டம் சராசரியாக 15 சதவீதம் எடை இறங்கியது. மற்றது 2.4 சதவீதம். அந்த இரண்டே கால் சொச்சம்தான் அக்கா கட்சி.

நிறுத்தினால் எடை திரும்புமே என்பார்கள். திரும்பும்தான். அதே ஆய்வில் நிறுத்திய ஒரு வருஷத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு ஏறிவிட்டது. பிபி மாத்திரையை நிறுத்தினாலும்தான் பிபி ஏறும், அதற்காக மாத்திரையையா திட்டுகிறோம்? குமட்டல், வாந்தி வரும், சிலருக்குப் பித்தப்பையில் கல்கூட வரலாம். கர்ப்பிணிகளுக்கு ஆகாது. டாக்டர் பார்த்துத்தான் தர வேண்டும். மெடிக்கலில் போய் "அந்த இளைக்கிற ஊசி ஒண்ணு குடுங்க" என்று கேட்கிறவருக்காக நான் வாதாட வரவில்லை. களி தின்ற தாத்தா ஊசியா போட்டார் என்று எதிரணித் தம்பி கேட்டார். உன் தாத்தா களியைத் தின்றுவிட்டு ஏர் பிடித்தார் தம்பி, நீ பைக் சாவியைப் பிடிக்கிறாய், அவ்வளவுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண், இந்த மாவட்டம்தான், யாரென்று சொல்ல மாட்டேன். கல்யாணப் பந்தியில் இரண்டாவது தடவை சோறு வாங்க மாட்டாள். பசி இல்லாமல் இல்லை, எதிர்வரிசையில் நாலு கண் அவள் இலையையே பார்த்துக்கொண்டிருக்கும். பட்டினி கிடந்து பர்கூர் பஸ்ஸில் மயங்கி விழுந்திருக்கிறாள். விழுந்தவளைத் தூக்கிவிட்ட பாட்டிகூட, "கொஞ்சம் உடம்பைக் குறைக்கக் கூடாதா கண்ணு" என்றுதான் கேட்டாள். இப்போது டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியை வாரத்துக்கு ஒன்று போடுகிறாள். எங்கே வைத்திருக்கிறாள் தெரியுமா? பிரிட்ஜில், மல்லிகைப்பூ டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருக்கிறாள். சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிற அவள் அப்பாவுடைய ஊசி மட்டும் அதே பிரிட்ஜ் கதவில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நிற்கிறது.

யாருக்குப் பயந்து ஒளித்தாள்? அக்கா சொன்னாரே, சோம்பேறி என்று, அந்த வார்த்தைக்குத்தான். அக்கா, உங்களை எனக்குப் பிடிக்கும், நீங்கள் மனசு கெட்டவர் இல்லை. அந்த ஒரு வார்த்தையை மட்டும் இந்த மேடையிலேயே வாபஸ் வாங்கிக்கொள்ளுங்கள். தீர்ப்பை வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள். மணி அடித்துவிட்டது, வணக்கம்.