ஏழாம் குழியில் காற்று

வணக்கம் நேயர்களே.

நான் பல வருடங்களாக இரவு நேரத்தில் கோல்ஃப் விளையாடுபவன். எல்லாம் கணினித் திரையில்தான். எதிரில் ஆடுபவர் சில நாள் கனடாவில் இருப்பார், சில நாள் எந்த ஊரென்றே தெரியாது.

நீங்கள் கேரம் ஆடியிருப்பீர்கள். கேரமில் உங்கள் காயை எதிராளி தட்டிவிடலாம், வழியை மறித்து வைக்கலாம். கோல்ஃபில் அதற்கெல்லாம் இடமில்லை. உங்கள் பந்தை அவரால் தொடவே முடியாது. அவர் அடிப்பதை நீங்கள் பார்க்கலாம், நீங்கள் அடிப்பதை அவர் பார்க்கலாம், அவ்வளவுதான். அதனால் தோற்றுவிட்டால் பழி போட ஆளே கிடைக்காது. இந்த ஆட்டத்தில் மனது சட்டென்று சோர்ந்து போவதற்கு அது ஒரு காரணம்.

நான் ஆடுவது வேர்ல்ட் கோல்ஃப் டூர் என்ற ஆட்டம். சுருக்கமாக டபிள்யூ.ஜி.டி. உண்மையான மைதானங்களை அங்குலம் அங்குலமாகப் படம் எடுத்து உருவாக்கியது. அதில் படிநிலைகள் உண்டு. ஹேக் என்ற அடிமட்டத்தில் தொடங்கி அமெச்சூர், புரோ, டூர் புரோ, மாஸ்டர் என்று ஏற வேண்டும். ஏற ஏற, முதல் அடி அடிக்கிற இடம் பின்னால் தள்ளிப் போகும், குழியைச் சுற்றியுள்ள புல்தரையில் பந்து இன்னும் வேகமாக உருளும். நன்றாக ஆடினால் ஆட்டம் கடினமாகும். நான் மாஸ்டர் ஆன பிறகு மூன்று மாதம் என் சராசரி, அதாவது ஓர் ஆட்டத்தை முடிக்க எத்தனை அடி எடுக்கிறேன் என்ற கணக்கு, அசையவே இல்லை. தினமும் அந்த எண்ணைத்தான் முதலில் பார்ப்பேன். பிறகு ஒருநாள் ஆடுவதையே நிறுத்திவிட்டேன்.

என்னைத் திரும்ப இழுத்து வந்தது ஒரு குழி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவில் கடலை ஒட்டி பெப்பிள் பீச் என்று ஒரு மைதானம். அதன் ஏழாவது குழிக்கு, முதல் அடி அடிக்கிற இடத்திலிருந்து தூரம் நூறு மீட்டருக்கும் கொஞ்சம் குறைவு. மேட்டிலிருந்து கீழே பார்த்தால் கையகலப் புல்தரை, சுற்றிலும் மணல் பள்ளங்கள், அதற்கு அப்பால் பசிபிக் கடல். காற்று இல்லாத நாளில் கைதேர்ந்தவர்களுக்கு இது எளிய குழி.

1992 ஜூன் மாதம், யு.எஸ். ஓபன் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள் அங்கே பேய்க்காற்று. டாம் கைட் என்ற அமெரிக்க ஆட்டக்காரருக்கு அப்போது 42 வயது. 'மேஜர்' எனப்படும் நான்கு பெரிய பட்டங்களில் ஒன்றுகூட வென்றதில்லை. அந்தச் சின்ன தூரத்துக்கு அவர் எடுத்தது ஆறாம் எண் இரும்பு மட்டை. சாதாரணமாக நூற்றைம்பது மீட்டர் போகிற மட்டை அது! அப்படி அடித்தும் பந்து இலக்குக்கு இடப்பக்கம் விலகி, புதர்ப் புல்லில் விழுந்தது. அங்கிருந்து ஒரு சிறு தட்டு. பந்து உருண்டு நேராகக் குழிக்குள் போய்விட்டது. அன்று மாலை கோப்பை அவருக்கு.

இதைப் படித்த இரவு ஆட்டத்தைத் திறந்து பெப்பிள் பீச்சைத் தேர்ந்தெடுத்தேன். அன்றிலிருந்து தினமும் முதல் ஒன்பது குழிகள் மட்டும். ஏழாவது வந்ததும் பக்கத்தில் இருக்கும் நோட்டில் எழுதுவேன்: காற்று எந்தப் பக்கம், எத்தனை மைல் வேகம், எந்த மட்டை, பந்து எங்கே நின்றது. "எதிர்க்காற்று 18, இன்னும் தூரம் போகிற மட்டை எடுத்தேன், பதினொரு அடி தள்ளி." இப்படி ஒரு வரி. சராசரியைப் பார்ப்பதை விட்டேன். அந்த ஒரு வரிக்காகவே உட்கார ஆரம்பித்தேன். ஆமாம், ஒரே ஒரு வரி. மூன்றாவது நோட்டு இப்போது பாதி ஆகிவிட்டது.

அடிக்கும்போது திரையில் ஒரு முள் ஓடி வரும். நடுக்கோட்டைத் தொடும் கணத்தில் அழுத்த வேண்டும். சரியாக விழுந்தால் அதை 'டிங்' என்பார்கள். காற்றைக் கணக்குப் போட்டு, டிங்கும் விழுந்து, பந்து கடல் பக்கம் போய் வளைந்து திரும்பி வருவதைப் பார்க்கிற அந்த நாலைந்து விநாடி! அதில் ஜெயித்தேனா தோற்றேனா என்பது நினைவுக்கே வராது.

அப்புறம், என் வழக்கமான எதிராளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்காட்லாந்தில் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முகம் பார்த்ததில்லை. நான் நன்றாக அடித்தால் 'நைஸ் ஷாட்' என்பதற்குச் சுருக்கமாக இரண்டு எழுத்து அனுப்புவார். அவர் தோற்கும் ஆட்டத்திலும் அது வரும். பல நாள் என்னை உட்கார வைத்தது அந்த இரண்டு எழுத்துதான். நோட்டு விஷயத்தை அவரிடம் சொன்னேன். அவரும் ஒன்று போட்டிருக்கிறார், அவர் நாட்டிலேயே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் மைதானத்தின் பதினேழாவது குழிக்கு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டது. குழுவாகச் சேர்ந்து ஆடும் கிளப்புகளைப் பற்றியும் பேச நினைத்திருந்தேன். ஒன்று மட்டும்: புதிதாக ஆடுபவர்கள் முதல் மாதமே ஒரு சின்ன கிளப்பில் சேர்ந்துவிடுங்கள், சந்தேகம் கேட்க ஆள் இருக்கும். மட்டைக்கும் பந்துக்கும் பணம் கட்டுவதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்.

இன்று இரவு ஒன்பதரைக்கு ஸ்காட்லாந்துக்காரர் வருவார். இந்த முறை அவருடைய பதினேழாவது குழியில் ஆட்டம். நன்றி, வணக்கம்.