டீ குடிக்கத்தான் போனார்கள்

(2026 ஜனவரி, மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பொங்கல் விழாப் பட்டிமன்றம். தலைப்பு: உள்ளாட்சித் தேர்தலில் மாற்றத்தைக் கொண்டுவருவது பெரியவர்களின் அனுபவமா, இளைஞர்களின் உழைப்பா? ‘இளைஞர்களின் உழைப்பே’ அணியின் உரை.)

நடுவர் அவர்களுக்கும், இரண்டு அணியினருக்கும், கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு கண்ணை மட்டும் காட்டும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம், பொங்கல் வாழ்த்து. கைதட்டக் கம்பளிக்குள்ளிருந்து கையை வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். சிரித்தால் போதும்.

நரைத்த தலையோடு இளைஞர் அணியில் வந்து நிற்கிறாளே இந்த டீச்சர் என்று முன்வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அணி பிரித்தவர் நடுவர். அவரைக் கேளுங்கள்.

மூன்று கருத்துகளை எழுதிக்கொண்டு வந்தேன். வாக்களிக்கும் வயது 21இலிருந்து 18 ஆக 1989இல் குறைந்ததிலிருந்து ஆரம்பித்து ஒழுங்காகப் பேசிவிட்டு உட்காருவதாகத்தான் எண்ணம். எதிரணித் தலைவர் அண்ணாச்சி அதைக் கெடுத்துவிட்டார். அவர் சொன்ன கதைக்கு இந்த மைதானமே விசில் அடித்தது. பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது, அதனால் திருப்பிச் சொல்கிறேன்.

போன டிசம்பர் 9ஆம் தேதி நமக்குத் தேர்தல். அதற்கு முந்திய வாரம் நான்கு பிள்ளைகள் ஒரு லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீடு வீடாக ஓட்டுக் கேட்க ஸ்குவாட் போனார்கள். முதல் வீட்டில் கட்டன் சாயா, பாலில்லாத டீ. இரண்டாவது வீட்டில் கட்டன் சாயா. மூன்றாவது வீட்டில் கட்டனோடு முறுக்கு. இப்படியே குடித்துக்கொண்டு கடைசி வீட்டுக்கு வந்தபோது, வேட்பாளர் பெயரும் சின்னமும் மறந்துபோய், ‘அக்கா, கக்கூஸ் எங்கே இருக்கிறது?’ என்று கேட்டார்களாம். “இவர்கள் ஓட்டுக் கேட்கப் போனார்களா, டீ குடிக்கப் போனார்களா? இதற்குப் பெயர் களப்பணியா?” என்று முடித்தார் அண்ணாச்சி. விசில்!

அண்ணாச்சி, அது பொய்யென்று மறுப்பேன் என்று எதிர்பார்த்தீர்கள். மறுக்க மாட்டேன். கதை முழுக்க உண்மை. அந்த நான்கு பேரில் ஒருத்தி 2015இல் என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்தவள்; இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பெயர் சொல்ல மாட்டேன். இதே கூட்டத்தில்தான் இருக்கிறாள், யார் தலை குனிந்திருக்கிறதோ அவள்தான்.

கதை உண்மை. ஆனால் அண்ணாச்சி பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை நான் சொல்கிறேன், நிதானமாகச் சொல்கிறேன், நடுவர் மணியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில், ஏன் எல்லா வீட்டிலும் குடித்தார்கள்? ஒரு வீட்டில் வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா? எங்கள் அம்மா கொழுந்து கிள்ளியவள். எங்கள் லயத்து வீட்டில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. நாங்கள் யாரும் அதைத் தொடக் கூடாது. தேர்தல் வந்தால் அம்மா அதை எடுத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்து வைப்பாள். தலைவர்கள் வருவார்கள், வாசலில் நின்றபடியே கும்பிடுவார்கள். “டீ குடியுங்கள் ஐயா” என்பாள் அம்மா. “இப்போதுதானே அம்மா குடித்துவிட்டு வருகிறேன்” என்பார்கள். எல்லாக் கட்சிக்காரர்களும் எங்கள் லயத்துக்கு வருவதற்கு முன்னால்தான் எங்கேயோ குடித்திருந்தார்கள். எதனால் என்று இந்த மைதானத்தில் நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அம்மா ஓய்வு பெற்று லயத்து வீட்டைக் காலி செய்தபோதும் அந்த டம்ளர் புதிதாகவே இருந்தது.

அதனால் அந்தப் பிள்ளைகள் முதல் வீட்டில் டம்ளரை வாங்கினார்கள் என்றால், கடைசி வீடுவரைக்கும் வாங்கியாக வேண்டும். பக்கத்து வீட்டில் குடித்தவள் நம் வீட்டில் ஏன் குடிக்கவில்லை என்ற பேச்சு லயத்தில் ராத்திரி முழுக்க ஓடும். லயத்தில் சுவருக்குக் காது இருக்கிறது என்று சொல்ல வேண்டியதே இல்லை. அங்கே சுவரே பாதி உயரத்துக்குத்தான் இருக்கிறது.

இன்னொன்று. கட்டன் சாயா குழாயில் வராது. அடுப்பு பற்ற வேண்டும், தண்ணீர் கொதிக்க வேண்டும், தூள் போட வேண்டும், ஆற்ற வேண்டும். இந்த மலைக் குளிரில் தண்ணீர் கொதிக்க எவ்வளவு நேரமாகும்? அதுவரைக்கும் நான்கு பிள்ளைகளும் அடுப்படியில் உட்கார்ந்து என்ன செய்வார்கள்? பேசுவார்கள். ‘பாட்டி, மூத்த மகன் திருப்பூரில்தானே? ஓட்டுக்கு வருகிறாரா?’ ‘பஸ் டிக்கெட்டுக்கு யார் பணம் கொடுப்பது?’ ‘தாத்தா பெயர் தமிழ்நாட்டுப் பக்கம் கயத்தாற்று வாக்காளர் பட்டியலுக்குப் போய்விட்டதா, இங்கேயே இருக்கிறதா?’ ‘உங்களுக்குக் கண் சரியாகத் தெரியவில்லையே, வாக்குச்சாவடிக்குள் கூட வருவதற்கு யார் இருக்கிறார்கள்?’ கிராமப் பஞ்சாயத்துக்கு ஒன்று, பிளாக்குக்கு ஒன்று, ஜில்லாவுக்கு ஒன்று என்று மூன்று ஓட்டுப் போட வேண்டும். ஒன்றை அழுத்திவிட்டு வந்துவிடாதீர்கள் என்று தரையில் மூன்று கட்டம் போட்டுக் காட்டினாளாம் நம் பெண். நோட்டீசை வாசலில் நீட்டிவிட்டு, ‘மறந்துவிடாதீர்கள்’ என்று நகர்ந்தவருக்கு இதில் எது தெரியும்?

இனி அண்ணாச்சி வயிறு குலுங்கச் சிரித்த இடத்துக்கு வருகிறேன். கக்கூஸ்.

நம் பெண் கேட்டாள். கேட்டது உண்மை. வீட்டுக்கார அக்கா உடனே பதில் சொல்லவில்லை. மகளைப் பார்த்தார். மகள் வேறு பக்கம் பார்த்தாள். அப்புறம், “என் வீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, துணைக்கு ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போ” என்றார். துணை எதற்கு, பட்டப்பகலில்? புலி வருமா? போய்ப் பார்த்தால்தான் தெரிகிறது, கதவு இல்லை. கதவு இருந்த இடத்தில் ஒரு உரச் சாக்கு, இரண்டு ஆணியில் தொங்குகிறது. காற்று அடித்தால் சாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்ளும். உள்ளே இருப்பவர் ஒரு கையால் சாக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டும், வெளியே ஒருத்தி முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்க வேண்டும். அந்த லயத்துப் பெண்கள் எல்லாரும், வயசுக்கு வந்த பிள்ளைகள் உட்பட, தினமும் அப்படித்தான்.

அண்ணாச்சி இப்போது சிரிக்கவில்லை. தண்ணீர் குடிக்கிறார். குடியுங்கள், கட்டன் வேண்டுமானாலும் சொல்லி விடுகிறேன்.

கதை இன்னும் முடியவில்லை. அன்றைக்கு ராத்திரி வேட்பாளர் வீட்டில் கூட்டம். பெரியவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். பிரசாரம் முடியும் நாள் கொட்டிக்கலாசத்துக்குச் செண்டை மேளம் வைப்பதா, ஜீப்பில் மைக் கட்டுவதா என்று ஒரு மணி நேரமாகப் பேச்சு. இவள் ஓரத்திலிருந்து எழுந்து, “அந்த லயத்துக் கக்கூசுக்குக் கதவு இல்லை” என்றாள். ஒரு பெரியவர் சொன்ன பதிலை நடுவர் குறித்துக்கொள்ள வேண்டும். “அதற்கு என்ன இப்போது? முப்பது வருடமாகவே அப்படித்தானே இருக்கிறது!”

முப்பது வருடமாகத் தெரியும், நடுவர் அவர்களே! அண்ணாச்சி அணியின் தலைப்பு அதுதானே, அனுபவம்? அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு முப்பது வருடம் என்ன செய்தார்கள்? லயம் கம்பெனி சொத்து, பஞ்சாயத்துப் பணத்தை அதில் போட முடியாது என்று ஒரு பக்கம் கடிதம். பஞ்சாயத்திடம் கேளுங்கள் என்று மறுபக்கம் கடிதம். கடிதங்களை எல்லாம் ஒட்டியிருந்தாலே ஒரு கதவு ஆகியிருக்கும்.

மறுநாள் அந்த நான்கு பேரும் நோட்டீசின் பின்பக்கத்தில் பேனாவால் ‘முதல் வேலை: கதவு’ என்று எழுதி வீட்டுக்கு வீடு கொடுத்தார்கள். எத்தனை நோட்டீஸ்? கை வலிக்கிறவரைக்கும்.

ஜெயித்தார்களா? எதிரணியில் ஒருவர் கையை ஆட்டி ஆட்டிக் கேட்கிறார். தோற்றுப்போனார்கள்! சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் ஜெயித்தவர் இருக்கிறாரே, அவர் கெட்டிக்காரர். அந்த நோட்டீஸ் எல்லா வீட்டிலும் இருப்பதைப் பார்த்தார். பதவியேற்ற கையோடு, யாருக்கும் கடிதம் எழுதாமல், தன் கைக்காசில் தகரக் கதவு வாங்கி மாட்டிவிட்டார். உள்ளே தாழ்ப்பாளும் இருக்கிறது. சந்தேகமிருந்தால் அண்ணாச்சி போய்த் தாழ் போட்டுப் பார்க்கலாம். தலைப்பில் ‘வெற்றி’ என்று இருக்கிறதா, ‘மாற்றம்’ என்று இருக்கிறதா என்று நடுவர் மறுபடி ஒருமுறை வாசித்துக்கொள்ளட்டும்.

மணி அடித்தாயிற்றா? முதல் மணிதானே. சரி.

எதிரணியின் அடுத்த பேச்சாளர், கல்லூரித் தம்பி, அமெரிக்காவுக்குப் போனார். 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் ஹோவர்ட் டீன் என்பவருக்காக ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆரஞ்சுக் குல்லாய் மாட்டிக்கொண்டு வெளி மாநிலங்களிலிருந்து வந்து கதவு தட்டினார்கள், அவர் மூன்றாம் இடத்துக்குப் போனார் என்றார். உண்மைதான். தம்பி, அந்த டீன் வேறு, நான் சொல்லும் டீ வேறு. குல்லாய் வாங்கிக் கொடுக்க ஆள் இருந்தது, அந்தத் தெருவில் யார் யாருக்கு என்ன உறவு என்று சொல்ல ஆள் இல்லை. அமெரிக்காதான் வேண்டும் என்றால் போன வருடத்துக்கு வாருங்கள். நியூயார்க் மேயர் தேர்தல். ஒரு பக்கம் ஆண்ட்ரூ குவோமோ, பத்து வருடம் ஆளுநர், அவருடைய அப்பாவும் ஆளுநர். அனுபவம் பரம்பரையாகவே வருகிறது! இன்னொரு பக்கம் ஸோரான் மம்தானி. 2025 பிப்ரவரியில் ஒரு கருத்துக்கணிப்பில் அவருக்கு ஒரு சதவீதம். ஜூனில் கட்சிக்குள் நடந்த தேர்தலில் ஜெயித்தார், நவம்பரில் 34 வயதில் மேயர் தேர்தலிலும் ஜெயித்தார். வீடு வீடாகப் போன தொண்டர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்பது அவருடைய பிரசாரக் குழுவே சொன்ன கணக்கு. கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதும் மலைப்பாகத்தான் இருக்கிறது. 2020 டிசம்பரில் திருவனந்தபுரத்தில் ஆர்யா ராஜேந்திரன் 21 வயதில் மேயரானபோது, நியூயார்க்குக்கு எப்படிப்பட்ட மேயர் வேண்டும் என்று அந்தச் செய்தியைக் காட்டிக் கேட்டவரும் இதே மம்தானிதான். அந்த மாநகராட்சி இப்போது வேறு கட்சிக்குக் கைமாறிவிட்டதே என்று தம்பி எழுந்து கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். கைமாறிவிட்டது. உட்காருங்கள்.

2015 செப்டம்பரை எதிரணி தன் கணக்கில் எழுதிக்கொண்டது. மூணாறு டவுனில் நம் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ஒன்பது நாள் சாலையில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் சேர்க்கவில்லை. கேட்ட சதவீதத்தை வாங்கிக்கொண்டுதான் எழுந்தார்கள். நவம்பரில் உள்ளாட்சித் தேர்தலில் நின்று, பெண்கள் ஒற்றுமை என்று பொருள்படும் அவர்களுடைய ‘பெம்பிளை ஒருமை’ அமைப்பு சில இடங்களையும் பிடித்தது. “அவர்கள் எல்லாம் இளைஞர்களா டீச்சர்?” என்று கேட்டார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்த ஒன்பது நாளும் என் ஐந்தாம் வகுப்பில் பாதிப் பெஞ்சு காலி. வருகைப் பதிவேட்டை மூடி வைத்துவிட்டு நானும் டவுனுக்குப் போனேன். பிள்ளைகள் அம்மாக்களின் மடியிலும் முதுகிலும் இருந்தார்கள். நம் டீ குடித்த பெண் அம்மாவின் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு வெயிலில் உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ‘குட்மார்னிங் டீச்சர்’ என்றாள். அவளுக்கு யார் களப்பணி கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்டால் நான் அந்தச் சாலையைத்தான் காட்டுவேன்.

இன்னும் ஒன்று சொல்கிறேன். இதற்குக் கைதட்ட வேண்டாம்.

ஸ்குவாட் போனபோது அவள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருந்தது. வாக்காளர் பெயர்களுக்குப் பக்கத்தில், ஓட்டே இல்லாதவர்களின் பெயர்களும் எழுதியிருந்தாள். கைக்குழந்தை, விருந்துக்கு வந்திருக்கும் அத்தை, பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன், யார் எந்த அறையில் படுக்கிறார்கள் என்பதுவரை. நான் வாங்கிப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் வேட்பாளருக்கு எதற்கு?” என்று கேட்டேன்.

“வேட்பாளருக்கு இல்லை டீச்சர். மழைக்காலத்துக்கு” என்றாள்.

2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. மின்சாரம் இல்லை, போன் இல்லை, விடிந்த பிறகுதான் வெளியே தெரிந்தது. 70 பேர். வாரக்கணக்கில் தேடினோம். அன்று ராத்திரி எந்த வீட்டில் யார் தூங்கினார்கள் என்பதை எந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்வது? உயிரோடு இருந்தவர்கள்தான் ஒவ்வொரு வீடாக நினைத்து நினைத்துச் சொல்ல வேண்டியிருந்தது. அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. அப்பாவோடு போய் மண்மேட்டில் நின்றவள்.

அடித்துவிட்டார், இரண்டாவது மணி. என்னுடைய மூன்று கருத்துகளும் பைக்குள் அப்படியே இருக்கின்றன. அடுத்த பொங்கலுக்கு ஆகும். வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்துகொண்டிருக்கிறது. வரைவுப் பட்டியலை வைத்துக்கொண்டு நான்கு பிள்ளைகள் மைதானத்து வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பெயர் விட்டுப்போனவர்கள் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அண்ணாச்சி, உங்கள் பெயரை அந்தப் பெண் நேற்றே தேடிப் பார்த்துவிட்டாள். இருக்கிறது, ஆனால் வயதை 28 என்று போட்டிருக்கிறார்கள். திருத்தச் சொல்வதா, அப்படியே விட்டுவிடுவதா என்று நீங்களே போகும்போது அவளிடம் சொல்லிவிடுங்கள். நன்றி, வணக்கம்.