உங்கள் பட்டாவும் இரண்டு பட்டாளத்துக்காரர்களும்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருந்து வேலை செய்து, இன்றுவரை நிலைக்கிற ஒன்றை விட்டுப்போனவர்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள்.

தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியை ஆண்ட அதியமானிடமிருந்து தொடங்குவதுதான் முறை. நெல்லிக்கனி கதை எல்லோருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். புறநானூறு 99-ஆம் பாட்டில் ஔவையார் இன்னொரு செய்தி சொல்கிறார்: ‘அரும்பெறல் மரபின் கரும்பு இவண் தந்தும்’. கிடைப்பதற்கு அரிய கரும்பை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்களாம். பாலக்கோடு ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிறவர்கள் கேட்டுக்கொண்டிருந்தால், இந்த வரி உங்களுக்குத்தான்.

சரி, நான் எங்கே போனாலும் பேசுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வீட்டுப் பீரோவிலோ டிரங்குப் பெட்டியிலோ ஒரு பட்டா இருக்கும். பெயர் மாற்றத்துக்காகத் தாலுகா ஆபீசுக்கு நடந்திருப்பீர்கள். இன்ன சர்வே எண், இத்தனை ஏக்கர், நஞ்சை, புஞ்சை, நிலத்துக்காரர் பெயர். இந்த ஏற்பாடு ஆங்கிலேயர் ஆட்சியில் உருவானது நம்ம மண்ணில்தான்.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் பாராமகாலை ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் விட்டுக்கொடுத்தார். பாராமகால் என்றால் வேறெங்கோ இல்லை, நாம் இருக்கிற இதே சீமைதான். நிர்வாகத்துக்கு வந்தவர் கேப்டன் அலெக்சாண்டர் ரீட். உதவிக்கு மூன்று பட்டாளத்து அதிகாரிகள். அவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. தர்மபுரியில் தங்கி வேலை பார்த்தார். கம்பெனியின் சிவில் அதிகாரிகளுக்கு ஊர்ப் பாஷை தெரியவில்லை, பட்டாளத்துக்காரர்களுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் வரி வசூலுக்குப் போய்ப் பட்டாளத்துக்காரர்களை அனுப்பினார்கள்.

அப்போது வங்காளத்தில் ஜமீன்தாரோடு நிலவரிக் கணக்கு முடித்துக்கொண்டிருந்தது கம்பெனி. இங்கே ரீட் ஊர் ஊராக, வயல் வயலாக அளக்கச் சொன்னார். நடுவில் ஆள் வேண்டாம், உழுகிறவனோடு நேராகப் பேசு. அதுதான் ரயத்துவாரி. பெயர் வாங்கியவர் மன்றோ. சென்னையில் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவரேதான். கால் வைக்கிற அங்கவடி இல்லாத குதிரை என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்வார்கள். ஆனால் தொடங்கியவர் ரீட். திரும்பவும் சொல்கிறேன், ரீட். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

மன்றோவைக் குறைத்துச் சொல்லவில்லை. 1799-இல் இங்கிருந்து மாற்றலாகும்போது இந்த மலைகளையும் மரங்களையும் பிரிவது வருத்தம் என்று கடிதத்தில் எழுதிய மனிதர். அவர் போனபிறகு சேலம் ஜில்லாவில் நிலத்தை மிட்டா மிட்டாவாக, அதாவது சின்னச் சின்ன ஜமீன்களாகப் பிரித்து விற்றார்கள். மிட்டாதார் என்று உங்கள் தாத்தா சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மன்றோ ரயத்துவாரிக்காக வாதாடிக்கொண்டே இருந்தார். 1820-இல் சென்னை கவர்னரானார். அதன்பிறகு மாகாணத்தின் பெரும்பகுதிக்கு அதுவே முறையாயிற்று.

விவசாயிக்கு எல்லாம் நல்லதாக நடந்ததா என்றால், இல்லை. கிஸ்தி கடுமையாக இருந்தது. மழை பொய்த்தாலும் கட்டு என்றால் எங்கே போவான்? அந்த வலியை மறைத்துவிட்டுப் புகழ்வது சரியில்லை. கடப்பை, பல்லாரிப் பக்கம் கலெக்டராக இருந்த மன்றோவே, 1807-இல் நிலத்தீர்வையில் கால் பங்கைக் குறைக்கச் சொல்லி எழுதினார். 1827-இல் கவர்னராக இருக்கும்போதே, ஆந்திரப் பக்கம் பத்திகொண்டாவில் காலராவில் இறந்துபோனார். பின்தங்கிய மாவட்டம், பின்தங்கிய மாவட்டம் என்றே நம்மைச் சொல்கிறார்கள். ஒரு மாகாணத்தின் நிலக்கணக்கு இங்கே பழகித்தான் மற்ற இடங்களுக்குப் போனது. இதை நான் அழுத்திச் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். பாப்பாரப்பட்டி சுப்பிரமணிய சிவாவை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது. வ.உ.சி.யோடு சிறை போனவர், சிறையிலேயே தொழுநோய் பிடித்துக்கொண்டது. நோயைக் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்றார்கள். நடந்தே ஊர் ஊராகப் பேசினார். பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட வேண்டும் என்று பாப்பாரப்பட்டியில் ஆசிரமம் அமைத்தார். 1925 ஜூலை 23-இல் அங்கேயே மறைந்தார், வயது நாற்பதுதான். நினைவிடம் இருக்கிறது, தர்மபுரியிலிருந்து பஸ் இருக்கிறது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்வாருங்கள். அப்புறம், ஓசூர் பக்கம் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிக்கு இன்னொரு நாள் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். வணக்கம்.