பட்டியாலாவில் லோரி இரவு

வணக்கம் நேயர்களே. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த நான், வேலை காரணமாக இப்போது இந்தியாவின் பஞ்சாபில், பட்டியாலாவில் குடியிருக்கிறேன். அங்கே ஜனவரி 13 இரவு வரும் லோரிப் பண்டிகையைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள்.

லோரியை அறுவடைத் திருநாள் என்றுதான் சொல்வார்கள். ஆனால் அன்று ஊருக்கு வெளியே போனால் கோதுமை பச்சைப் பசேலென்று நிற்கும். அதை அறுக்க ஏப்ரலில் வைசாக்கித் திருநாள் வரவேண்டும். இப்போது வெட்டுவது கரும்பு. எள்ளும் கச்சானும் சோளமும் ஏற்கெனவே வீடு வந்துவிட்டன. லோரி இரவில் மூட்டும் நெருப்பில் போடுவதும் இவற்றைத்தான், வாயில் போடுவதும் இவற்றைத்தான்: எள்ளும் வெல்லமும் சேர்ந்த ரேவ்ரி, உடைத்துத் தின்னும் கஜக் மிட்டாய், சோளப்பொரி.

என்னைக் கேட்டால், லோரி பயிரைவிட ஆட்களுக்கான பண்டிகை. அந்த வருடம் எந்த வீட்டில் பிள்ளை பிறந்ததோ, எந்த வீட்டுக்கு மருமகள் வந்தாளோ, அங்கேதான் நெருப்பு பெரிதாக எரியும். பிள்ளை என்றால் முன்பு பெரும்பாலும் ஆண் பிள்ளைதான். இப்போது பெண் பிள்ளைக்கும் லோரி எடுக்கிறார்கள். எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டிஜி பேத்திக்காகத் தெருவையே கூட்டிவிட்டார். “நீயும் இந்த வீட்டுக்குப் புதிதாக வந்தவள்தானே, பேட்டா” என்று என் கையிலும் எள்ளைத் திணித்தார். நன்மை வரட்டும், வறுமை போகட்டும் என்று கூவிக்கொண்டே எல்லோரும் நெருப்பில் எறிந்தோம். எள் படபடவென்று வெடித்தது. முன்பக்கம் சுட்டது, முதுகு விறைத்தது. ஜனவரிக் குளிர் அப்படி!

வீடு வீடாக வரும் பிள்ளைகளின் பாட்டில் துல்லா பட்டி என்ற பெயர் ஒலிக்கும். அக்பர் காலத்தில் முகலாய ஆட்சியை எதிர்த்து, லாகூரில் தூக்கிலிடப்பட்டவர். ஆபத்தில் இருந்த பெண்களை மீட்டு, தகப்பனாக நின்று கல்யாணம் செய்துவைத்தார், சீதனமாகக் கொடுக்க ஒரு சேர் சர்க்கரைதான் இருந்தது என்பது கதை. அவர் முஸ்லிம். பிறந்த பிண்டி பட்டியான் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. சீக்கியப் பிள்ளையும் இந்துப் பிள்ளையும் அவர் பெயரைப் பாடித்தான் காசும் கச்சானும் வாங்குகின்றன. அங்கே யாருக்கும் அது புதினமாகத் தெரிவதில்லை.

அப்புறம் கீர் என்ற பாயசம். பால் இல்லை, கரும்புச் சாற்றிலேயே அரிசியை வேகவைப்பார்கள். பஞ்சாபி நாட்காட்டியின் போஹ் மாதக் கடைசி இரவில் சமைத்து, மறுநாள் மாகியன்று, மாக மாதம் பிறந்த பிறகு சாப்பிட வேண்டும். பொங்கி இறக்கியதும் சுடச்சுடச் சாப்பிட்டுப் பழகிய எனக்கு, ஆறிய பாயசத்தைத் தயிரோடு நீட்டியபோது மனம் ஒப்பவில்லை. மரியாதைக்காக ஒரு கரண்டி வாயில் வைத்தேன். பிறகு நானே கேட்டு இன்னொரு கிண்ணம் வாங்கிக்கொண்டேன்.