ரெண்டு ப்ரொப்பெல்லரும் ஒரே சுருதியிலை ஓடாட்டி பழுதை எங்க தேடுறது?

வணக்கம் உறவுகளே. இண்டைக்கு திருகோணமலை உட்துறைமுகக் கரையிலை இருந்து கதைக்கிறன். காத்து கொஞ்சம் அடிக்குது, மைக்கிலை இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ. பின்னுக்கு அங்கால தெரியிறது சீனன்குடா. சின்ன வயசிலை அங்க இறங்கிற பிளேனைப் பாக்கவெண்டே இந்தக் கரையிலை மணிக்கணக்கா நிப்பன். அந்த ஆசை தான் பிறகு என்னை வெளிநாட்டிலை ஒரு ஹங்கர், அதுதான் பிளேன் நிப்பாட்டித் திருத்திற கொட்டகை, வரைக்கும் கொண்டுபோய், பிளேன் வயரிங் வேலையிலை விட்டது.

போன வீடியோவுக்குக் கீழ ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணை, ரெண்டு எஞ்சின் பிளேன் தலைக்கு மேலால போகேக்கை வ்வூம்... வ்வூம்... எண்டு சத்தம் ஏறி இறங்குதே, அது ஏன்?" நல்ல கேள்வி, தம்பி.

கோணேசர் கோயில் திருவிழாவிலை ரெண்டு நாதஸ்வரம் சேந்து வாசிக்கிறதை நினைச்சுப் பாருங்கோ. சுருதி ஒரு துளி விலகி நிண்டால் நடுவிலை ஒரு நடுக்கம் கேக்கும். அதே தான் இது. மூண்டு இலை உள்ள ப்ரொப்பெல்லர் நிமிசத்துக்கு 2000 தரம் சுத்தினால், ஒரு செக்கனுக்கு 100 தரம் இலை காத்தை வெட்டுது. மற்றது 1980 இலை சுத்தினால் 99 தரம். வித்தியாசம் ஒண்டு. அதாலை செக்கனுக்கு ஒரு தரம் சத்தம் ஏறி இறங்கும். வெறும் 20 ஆர்பிஎம், அதாவது நிமிசத்துக்கு 20 சுத்து வித்தியாசம்!

கேட்டுப் பாருங்கோ. ரெண்டு போனையும் பக்கத்திலை வைக்கிறன். போன் ஸ்பீக்கருக்கு 100 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 100 அதிர்வு, ஒழுங்கா வராது, அதாலை ஒண்டிலை 400, மற்றதிலை 401. ...கேக்குதா? இதுக்குள்ள ரெண்டு மணித்தியாலம் இருந்தால் மனுசனுக்குத் தலை வெடிக்கும்.

விமானி ப்ரொப்பெல்லர் லீவரை மெல்ல அசைச்சு இதைக் கையாலையே சரிப்படுத்தலாம். ஆனா கொஞ்ச நேரத்திலை திரும்ப விலகும். அதுக்குத் தான் ரெண்டு ப்ரொப்பெல்லரையும் ஒரே வேகத்திலை வைச்சிருக்கிற சிங்க் சிஸ்டம். பழைய மாதிரியிலை ஒரு எஞ்சின் மாஸ்டர், மற்றது அதைப் பின்தொடரும். ரெண்டு பக்கமும் ஒவ்வொரு காந்தப் பிக்கப், அதாவது ஒரு சின்ன சென்சர், சுத்து வேகத்தை எண்ணி கண்ட்ரோல் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி ரெண்டையும் ஒப்பிட்டு ஒரு சின்ன மோட்டருக்குச் சொல்லும். அந்த மோட்டர் வளையிற கேபிளாலை, ப்ரொப்பெல்லர் வேகத்தைக் கட்டுப்படுத்திற கவர்னரைக் கொஞ்சமா திருப்பும். கொஞ்சமா எண்டது முக்கியம். அதாலை இழுக்கக்கூடியது சில பத்து ஆர்பிஎம் மட்டும். பழுதானாலும் எஞ்சினை நிப்பாட்ட அதாலை ஏலாது. எண்டாலும் மாஸ்டர் எஞ்சின்ரை வேகம் இறங்கினால் மற்றதும் அந்த அளவுக்குப் பின்னால இறங்கப் பாக்கும். அந்த வகையை பிளேன் கிளம்பேக்கையும் தரையிறங்கேக்கையும் ஓஃப் பண்ணச் சொல்லுறது அதுக்குத் தான்.

இனி எனக்கு நடந்ததைச் சொல்லுறன். ஆறு பேர் இருக்கிற பிஸ்டன் எஞ்சின் பிளேன். கடலோர ஓடுபாதை, இங்க மாதிரியே உப்புக் காத்து. விமானி எழுதினது: "சிங்க் போட்டு இருவது நிமிசத்தாலை வலது எஞ்சின்ரை வேகம் மெல்ல இறங்குது." எனக்கு முதல் பாத்த ஆக்கள் கண்ட்ரோல் பெட்டியை ரெண்டு தரம் மாத்தியிருந்தினம். அது மலிவான சாமான் இல்லை. கழட்டி அனுப்பின பெட்டி பழுதில்லை எண்டு திரும்பி வந்துது.

நான் விமானியிட்டைக் கேட்டது ஒரே கேள்வி: "சிங்கை ஓஃப் பண்ணினால் என்ன நடக்குது?" எந்தப் பிளேன் எண்டாலும் இதை முதல் கேளுங்கோ. ஓஃப் பண்ணியும் ஆர்பிஎம் ஏறி இறங்கினால் பழுது சிங்கிலை இல்லை, கவர்னரைப் பாருங்கோ, எண்ணெயைப் பாருங்கோ. இதிலை ஓஃப் பண்ணினதும் மோட்டர் நடுவுக்கு வந்து எல்லாம் அமைதி. அப்ப பழுது சிங்கிலை, எங்கட வயரிங் ஆக்களின்ரை பக்கம் தான்.

சுத்து வேகம் காட்டிற டாக்கோமீற்றரையும் கண்மூடி நம்பாதேங்கோ. ஒளியாலை அளக்கிற மீற்றராலை ஒருக்கா ஒப்பிட்டன், சரியா இருந்தது. பிறகு ரெண்டு பிக்கப்பின்ரை மின்தடையையும் அளந்தன். இடதும் வலதும் கிட்டத்தட்ட ஒரே அளவு. பிக்கப்புக்கும் அதுக்கு முன்னால சுத்திற பாகத்துக்கும் உள்ள இடைவெளி பாக்க ப்ரொப்பெல்லரைக் கையாலை திருப்ப வேண்டி வந்தது. தம்பி தங்கச்சிமார், இதை வடிவாக் கேளுங்கோ: சாவி ஓஃபிலை இருந்தாலும், ஸ்பார்க்குக்கு மின்சாரம் குடுக்கிற மக்னீற்றோ உயிரோட இருக்கெண்டு நினைச்சுத் தான் ப்ரொப்பெல்லரிலை கை வைக்கோணும். மக்னீற்றோவை அடக்கிற வயர் அறுந்திருந்தால் எஞ்சின் திடீரெண்டு ஒரு சுத்து சுத்தும். கை போகும், உயிரும் போகும்.

எல்லா அளவும் சரி. ஆனா அதெல்லாம் வயர் அசையாமல் கிடக்கேக்கை அளந்தது. பறக்கேக்கை அது அதிருமே. அதாலை மீற்றரை, வெளி இரைச்சலைத் தடுக்க வயரைச் சுத்திப் பின்னியிருக்கிற ஷீல்டுக்கும் எர்த்துக்கும் நடுவிலை மாட்டிப்போட்டு, வலது எஞ்சினிலை சேத்துக் கட்டின வயர்களை அங்குலம் அங்குலமா வளைச்சன். எஞ்சினுக்குப் பின்னால உள்ள தடுப்புச் சுவரை ஒட்டின கிளாம்புக்குக் கிட்ட வரேக்கை மீற்றர் துள்ளிச்சுது.

கிளாம்பைக் கழட்டினன். ரப்பர் தேஞ்சு, கிளாம்பின்ரை இரும்பு வந்து வயரிலை உரசியிருக்கு. உள்ளுக்கை ஷீல்டுப் பின்னல் பச்சையாப் பூத்து, தொட உதிருது. நாலைஞ்சு இழை தான் மிச்சம். கோயில் குத்துவிளக்கிலை களிம்பு பிடிக்குமே, அந்தப் பச்சை.

ஷீல்டு விட்டுப்போனால் பக்கத்திலை போற ஸ்பார்க் வயரின்ரை இரைச்சல் பிக்கப் வயருக்குள்ள ஏறும். பெட்டி அதையும் சுத்தெண்டு எண்ணும். வலது எஞ்சின் கூட ஓடுது எண்டு நம்பி இறக்கும். பெட்டி தன்ரை வேலையை ஒழுங்காத் தான் செய்துகொண்டிருந்தது, பாவம்.

அந்தத் துண்டை வெட்டிப்போட்டு புது ஷீல்டு வயர் போட்டன். கையேட்டிலை உள்ள மாதிரி ஷீல்டை ஒரு முனையிலை மட்டும் எர்த் பண்ணினன். ரெண்டு முனையிலும் குடுத்தால் ஷீல்டும் எர்த்தும் சேந்து ஒரு வளையமாகி, அதுக்குள்ள வேற இரைச்சல் ஓடும். புது ரப்பர் கிளாம்பு. லைசென்ஸ் உள்ள எஞ்சினியர் பாத்துக் கையெழுத்து வைச்ச பிறகு பறந்தம். நானும் பின் சீட்டிலை இருந்தன். இருவது நிமிசம் போச்சு, நாப்பது நிமிசம் போச்சு. ஒரே சுருதி.

வெட்டின வயர்த்துண்டு இது தான், கமராவுக்குக் கிட்டப் பிடிக்கிறன். இந்தப் பச்சை தெரியுதா? விரலாலை தேய்ச்சால்... பாருங்கோ, தூளாக் கொட்டுது.