கருத்த முகம் மேலே

(அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூடுகை ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். பின்னால் சாம்பார் கொதிக்கும் வாசனை வருகிறது. சீக்கிரம் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், பார்க்கலாம்.

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு சீப்பு இருக்கும். என் தலையைப் பார்த்துவிட்டு யாருக்கு என்று கேட்காதீர்கள். இது சோயாவுக்கு. சாப்பிடுகிற சோயா அல்ல, கள்ளி. லேசாக உரசினாலே ஒரு துண்டு கழன்று காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கைக்கு மாறிவிடும். சீப்பை முள்ளுக்கும் தோலுக்கும் நடுவில் விட்டு ஒரே சுண்டு, அவ்வளவுதான். மலைப்பாதை வேலைக்குப் போன முதல் நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இதுதான்.

எந்த மலை? நம்மில் பாதிப் பேர் வாரக் கடைசியில் பிள்ளைகளோடு போய் ஏறிவிட்டு வரும் மெக்டவல் மலைதான். மெக்டவல் சொனோரன் காப்புநிலம். 30,000 ஏக்கருக்கு மேல், ஸ்காட்ஸ்டேல் நகரப் பரப்பில் கால் பங்குக்கு மேல் வரும். 1995இல் அந்த ஊர் மக்கள் வாக்களித்துத் தங்கள் மேல் தாங்களே விற்பனை வரி போட்டுக்கொண்டார்கள். நூறு டாலர் சாமானுக்கு 20 சென்ட். 2004இல் இன்னொரு 15 சென்ட். அந்தக் காசில்தான் நிலத்தை வாங்கினார்கள். வாங்காமல் விட்டிருந்தால் அந்தச் சரிவு முழுக்க இன்று வீடுகள் நின்றிருக்கும். நம்மில் சிலர் அதில் குடியும் இருந்திருப்போம், அது வேறு விஷயம்.

உள்ளே 225 மைலுக்கு மேல் பாதை ஓடுகிறது. அதைப் பார்த்துக்கொள்ள நகராட்சி ஆட்கள் மட்டும் போதாது. மெக்டவல் சொனோரன் கன்சர்வன்சி என்ற அமைப்பின் கீழ் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் வேலை செய்கிறார்கள். அதில் நானும் ஒருவன். பெரும்பாலும் பணி ஓய்வு பெற்றவர்கள். எங்கள் குழுவை நடத்தும் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. கடப்பாரையை அவர் தூக்குகிற மாதிரி எனக்கு வராது.

பாலைவனத்துப் பாதையைக் கெடுப்பது எது? மனிதர்களின் கால் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இல்லை, தண்ணீர். வருஷத்தில் பெரும்பாலான நாள் வராத மழை ஜூலை, ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்க்கும். பாதை சரிவில் நேராக இறங்கினால், தண்ணீருக்கு அது வெட்டிவைத்த வாய்க்கால். ஒரே மழையில் முழங்கால் ஆழத்துக்கு அரித்துவிடும். அதனால் மலைச்சரிவு எவ்வளவு செங்குத்தோ, அதில் பாதிக்கு மேல் பாதையின் சாய்வு போகக் கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பாதையின் வெளிப்பக்கத்தை ஒரு பொட்டு தாழ்த்திவைப்பார்கள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை பாதையை இறக்கி ஏற்றி, தண்ணீர் அந்தப் பள்ளத்தில் வெளியே வழிந்து போகும்படி விடுவார்கள். முதல் நாள் அந்தப் பள்ளத்தில் அடைத்திருந்த மண்ணை வாரிப் போடச் சொன்னார்கள். கையில் கொடுத்த கருவிக்கு மெக்லியாட் என்று பெயர். ஒரு பக்கம் மண்வெட்டி, மறுபக்கம் பெரிய பல் வைத்த வாரி. இரண்டு இழுப்பு இழுத்ததும் புரிந்துவிட்டது. அட, இது மடை திறந்துவிடுகிற வேலை! எங்கள் தோட்டத்தில் சின்ன வயதில் செய்ததுதான்.

சரி, பாதை அரித்தால் என்ன, மனிதர்கள் சுற்றிப் போக மாட்டார்களா? போவார்கள். அதுதான் சிக்கல். ஒருவர் பள்ளத்தைத் தவிர்த்து ஓரமாக நடப்பார். அடுத்தவர் அவர் காலடியைப் பார்த்து நடப்பார். ஒரு மாதத்தில் இரண்டாவது பாதை வந்துவிடும். வளைவில் குறுக்கே இறங்குகிறவர்களும் இப்படித்தான். நம் ஊரில் காலடித் தடத்தை ஒரு மழைக்காலம் மூடிவிடும். இங்கே மூடாது. சகுவாரோ கள்ளி முதல் எட்டு வருஷத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வளராது. நிழலுக்கு ஒரு பாலோ வெர்டே மரத்தடியில் ஒண்டிக்கொண்டு, புளியங்கொட்டை அளவில் கிடக்கும். குறுக்கே இறங்குகிறவர் காலடியில் அது நசுங்கினால் அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

ஆகவே எங்கள் வேலையில் பாதி, பாதை போடுவதல்ல, பாதையை அழிப்பது. இறுகிப்போன மண்ணைக் கொத்திவிடுவோம். செத்த கிளைகளை நட்டுக்குத்தாக ஊன்றுவோம், அங்கேயே முளைத்தவை போலத் தெரிய வேண்டும். அப்புறம் கற்கள். ஒரு கல்லைத் தூக்கி வைத்தேன். அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, "தம்பி, கல்லுக்கு முகம் இருக்கிறது" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத்தான் இப்படிச் சொல்கிறேன். தம்பி மட்டும் என் சேர்க்கை. காலங்காலமாக வெயிலில் கிடந்த பக்கம் கருத்திருக்கும். மண்ணில் புதைந்திருந்த பக்கம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருக்கும். வெளுத்த பக்கம் மேலே தெரிந்தால், யாரோ கை வைத்த இடம் என்று தூரத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். கருத்த முகம் மேலே இருக்க வேண்டும். அன்று காலை முழுவதும் கல்லைத் திருப்பித் திருப்பிப் போட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். மண் கலைந்த இடத்தில் முதலில் வந்து உட்காருவது ஒரு புல். இங்கே பஃபல் புல் என்கிறார்கள். முதன்முதலில் அதைக் காட்டி, "இதை வேரோடு எடுக்க வேண்டும்" என்றார்கள். கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எனக்குச் சொந்த ஊர் காங்கேயம் பக்கம். அது எங்கள் கொழுக்கட்டைப் புல்! கிளுவை வேலிக்குள், வெள்வேல மர நிழலில், கொறங்காடு என்கிற எங்கள் மேய்ச்சல் நிலம் முழுக்க நிற்குமே, அதேதான். காங்கேயம் மாடு அதைத் தின்றுதான் வளர்கிறது. எத்தனை வறட்சி வந்தாலும் வேர் சாகாது, ஒரு தூறலுக்குத் துளிர்க்கும்.

நம் ஊரில் அதன் பெருமை எதுவோ, இங்கே அதுவே குற்றம். 1930கள், 40களில் மாட்டுத் தீவனத்துக்கும் மண் அரிப்பைத் தடுக்கவும் இங்கே கொண்டுவந்து விதைத்தார்கள். விதை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நம் ஊர் மேல் பழி இல்லை. சொனோரன் பாலையில் ஒரு செடிக்கும் அடுத்த செடிக்கும் நடுவில் வெறும் தரை கிடக்கும். தீ பிடித்தாலும் தாண்டிப் போக வழி இல்லை. இந்தப் புல் அந்த இடைவெளியை நிரப்பிவிடுகிறது. காய்ந்தால் வைக்கோல் போர்தான். சகுவாரோவுக்குத் தீயோடு பழக்கம் இல்லை. நூற்றைம்பது வருஷம் நின்ற கள்ளி ஒரு மதியத்தில் வெந்துவிடும். 2005இல் அரிசோனா அரசு இதைக் கேடு செய்யும் களை என்று அறிவித்தது.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அட, கொழுக்கட்டைப் புல்லையா புடுங்கிப் போடறீங்க? ரெண்டு மூட்டை இங்க அனுப்பு சாமி" என்றார். அன்று கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் பிடுங்கினேன், கதிர் உதிராமல் பையில் போட்டுக் கட்டி.

வெயிலைப் பற்றி ஒன்றே ஒன்று. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் ஜூனில் கேமல்பேக் மலைக்குக் கூட்டிப் போகாதீர்கள், தயவுசெய்து. கடும் வெப்ப எச்சரிக்கை நாட்களில் அந்தப் பாதைகளைப் பகலில் மூடியே வைக்கிறார்கள். தண்ணீர் பாதி தீர்ந்தால் திரும்பிவிட வேண்டும், உச்சி எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் சரி.

போன மாதம், நான் முதன்முதலில் மூடிய குறுக்குவழியைப் பார்க்கப் போனேன். இடத்தைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. போனில் இருந்த பழைய படத்தை வைத்துத் தேடித்தான் அடையாளம் தெரிந்தது. எனக்குப் பின்னால் வந்த குடும்பம் ஒன்று பேசிக்கொண்டே வளைவைச் சுற்றி நடந்து போனது. அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உள்ளே பத்தடி தூரத்தில் ஒரே ஒரு கல் மட்டும் வெள்ளையாக மல்லாந்து கிடந்தது. என் கைவேலைதான். போய்த் திருப்பிப் போடலாம், ஆனால் அதற்குப் பாதையை விட்டு இறங்க வேண்டும். இறங்கவில்லை. இன்னும் அப்படியேதான் கிடக்கிறது.